அவள் குறிக்காத படங்கள்

அவளிடம் எதைக் கேட்டாலும் கொஞ்ச நேரம் கேட்டவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, சாயா வேண்டுமா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில் சொல்வாள்: "தெரியல்ல டீச்சர்."

நான் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவள். பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகளிடம் வருடா வருடம் தவறாமல் சொல்லி அனுப்புவது ஒன்று உண்டு. "ஒரு கேள்வியும் விடப்பிடாது. தெரியல்லன்னாலும் எதையாவது எழுதி வச்சிட்டு வாங்க." எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் சொன்னபடி செய்வார்கள். விடைத்தாளில் ஒரு வரி காலி இருக்காது. உலகத்தில் இல்லாத விஷயங்களைக்கூடக் கோடு போட்டு, வண்ணப் பேனாவில் எழுதி வைத்திருப்பார்கள். நானும் பாவம் பார்த்து அரை மார்க் போடுவேன். இப்படிப்பட்டவளிடம், தெரியாததைத் தெரியாது என்று வயிறார மூன்று வேளையும் சொல்லுகிற ஒருத்தி வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்?

ஏழெட்டு வருடம் முன்பு நடந்தது. எங்கள் தாவரவியல் பேராசிரியர் ஒரு ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். புளிய மரத்து இலை பொழுது சாய்ந்தால் கூம்பும், விடிந்தால் விரியும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெயிலைப் பார்த்துத்தான் அது அப்படிச் செய்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். "இல்ல டீச்சர், அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுகு," என்றார் அவர். வெயில் காணாத அறையில் வைத்தாலும் இலை தன் நேரத்துக்குக் கூம்பும், தன் நேரத்துக்கு விரியும். வெயில் படுகிற செடி தன் கடிகாரத்தைத் தினமும் சூரியனோடு வைத்துத் திருத்திக்கொள்ளும். வெயிலே படாவிட்டால் தன் போக்கில் ஓடி, நம் கடிகாரத்தை விட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜன்னல் இல்லாத பழைய சாமான் அறை ஒன்றைக் காலி செய்து, அணையாத மங்கல் விளக்கு ஒன்றைப் போட்டு, ஆறு புளியங்கன்றுகளைத் தொட்டியில் வைத்தார். கேமரா பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும். படத்தைப் பார்த்து, இலை விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கணினியே சொல்லும்படி செய்வது என் பொறுப்பு. கணினிக்கு அது தானாகத் தெரியாது. முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, இது விரிந்தது, இது மூடியது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அது படிக்கும். அந்த வேலைக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். இரண்டு பேர் எங்களிடமே படித்து முடித்த பெண்கள், கை வேகமுள்ள பிள்ளைகள். மூன்றாவது ஆள் அவள்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். மழையில் பாறை வழுக்கி விழுந்து கால்முட்டு போய்விட்டது. இனி மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கல்லூரியில் தூத்துப் பெருக்குகிற அம்மாவுக்குச் சொந்தம். "இருந்து செய்யக்கூடிய வேலை எதுவானாலும் சரி" என்று கேட்டு வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். இந்த வேலை போனால் மறுபடி மலைக்குத்தான் போக வேண்டும், மலை ஏற முட்டு விடாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆறு வாரம் வைத்துப் பார்ப்போம் என்றார் பேராசிரியர்.

முதல் நாள் திரையைக் காட்டினேன். மேலே படம், படத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் தேதியும் மணியும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள்: விரிந்தது, மூடியது. மணியைப் பொறித்தது என் யோசனைதான். படங்கள் வரிசை மாறினால் கண்டுபிடிக்க வசதியாக இருக்குமே என்று செய்தேன். அவள் நாலைந்து படம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இது ரெண்டுமில்லன்னா எங்க அமுக்கணும்?"

"ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும் மக்கா. எதுக்குப் பக்கத்துல வருதோ அத அமுக்கு."

"எதுக்குப் பக்கம்னு தெரியல்லன்னா?"

"தெரியல்லன்னாலும் ஒண்ண அமுக்கு. விடப்பிடாது."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியது சம்மதத்துக்கு இல்லை என்று சாயங்காலம்தான் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் அன்றைக்குள்ள படங்களை முழுக்கக் குறித்து முடித்திருந்தார்கள். இவள் கோப்பில் நடுநடுவே ஓட்டை. நிச்சயமாக விரிந்ததையும் நிச்சயமாக மூடியதையும் குறித்திருந்தாள். இடையில் உள்ளவற்றைத் தாண்டிப் போயிருந்தாள். ஏன் என்று கேட்டேன். என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

இவளோடு மாரடித்தது நான் மட்டும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, "மக்ளே, பேச்சிப்பாற பஸ்ஸு போயாச்சா?" என்று அவளிடம் கேட்டார்.

"நான் வந்து நின்னதுக்குப் பெறவு போகல்ல. அதுக்கு முன்ன போச்சான்னு தெரியல்ல."

"நீ எப்பம் வந்து நின்ன?"

"இப்பம்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெட்டிக்கடைக்காரரிடம் கேட்கப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்றே புரியவில்லை.

இன்னொரு தடவை அவள் நாத்தனாருக்குச் சம்பந்தம் பார்த்தார்கள். மாப்பிள்ளை இவளுக்குத் தெரிந்த பையன். எப்படி என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள். "ஒருக்கா கண்டிருக்கேன். சட்ட நல்லா தேச்சுப் போட்டிருந்தான். வேற தெரியல்ல" என்றிருக்கிறாள். நல்ல வேளையாகக் கல்யாணம் நடந்துவிட்டது. நாத்தனார் கொஞ்ச நாள் இவளோடு பேசவில்லை.

எனக்கும் ஒரு முறை கோபம் வந்தது. என் மகள் வளைகுடாவில் நர்ஸ். போன வாரம் பகல் வேலை, இந்த வாரம் இரவு வேலை என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அவள் அனுப்பிய புதுப் படத்தை எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "பாத்தியா, எவ்வளவு சந்தோசமா இருக்கா" என்று இவளிடமும் நீட்டினேன். இலைப் படத்தைப் பார்க்கிற மாதிரியே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"சிரிக்கா. ஒறங்கினாளான்னு தெரியல்ல டீச்சர்."

போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். அதிகப்பிரசங்கி என்று மனசுக்குள் திட்டினேன். ஆனால் அன்று மகளோடு பேசும்போது, வழக்கமாகக் கேட்கிற 'சாப்பிட்டியா'வுக்குப் பதிலாக, "ஒறங்கினியா மக்ளே?" என்று வாயில் வந்துவிட்டது. மகள் அரை மணி நேரம் பேசினாள். படுத்தால் உறக்கம் வராததையும், நின்றால் கண் சொருகுவதையும், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள். மேலதிகாரியிடம் பேசி வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று கேட்கச் சொன்னேன். கேட்டாள், இரண்டு மாதத்தில் மாற்றிக்கொடுத்தார்கள். இதை இவளிடம் நான் சொல்லவில்லை. அதிகப்பிரசங்கி என்று நினைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வருமே என்ற வெட்கம்தான்.

இவளுடைய உறக்கமும் தனி ரகம். பால்வெட்டு வெயில் ஏறுவதற்கு முன்பு முடிய வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுங்காக ஒழுகாது. பதினைந்து வருடம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் எழுந்து மரம் மரமாகப் போனவள். தோட்டத்தை விட்ட பிறகும் அவள் உடம்பு அந்த நேரத்தை விடவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கு முன்பே கல்லூரி வாசலில் நிற்பாள். அந்த நேரத்தில் அவள் கண் பார்க்கிற பார்வை இருக்கிறதே, இலையின் நுனி ஒரு மயிரிழை அசைந்திருந்தாலும் சொல்லிவிடுவாள். பதினொன்று அடித்ததும் கொட்டாவி வரும். உடனே இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்துவிடுவாள்.

"இனி என் கண்ணு சொல்லத என்னாலயே நம்ப முடியாது டீச்சர்."

அதன் பிறகு படம் பார்க்க மாட்டாள். தொட்டி கழுவுவாள், மேசை துடைப்பாள். சில நாள் அப்படியே மேசையில் தலை சாய்த்துக் கால் மணி நேரம் உறங்கியும் விடுவாள். மற்ற இருவரும் சாப்பாடு முடிந்து, கண் எரிய எரிய, விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பேராசிரியர், உறங்குகிறவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஒன்றும் சொல்லாவிட்டால்தான் அவருக்கு அதிகக் கோபம் என்று அர்த்தம்.

அவள் காலையில் வாசலில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் என்னிடம் இருந்த சாவிக்கொத்தைக் கொடுத்திருந்தேன். அதில் கணினி அறைச் சாவியும் இருந்தது, பக்கத்தில் உள்ள புளியங்கன்று அறைச் சாவியும் இருந்தது. வினை அதில்தான் வந்தது.

ஐந்தாவது வாரம் முடிவு வந்தது. முழுமையாகக் குறிக்கப்பட்ட இரண்டு கோப்புகளைக் கொடுத்துக் கணினியைப் படிக்கவைத்து, அது சொன்னதைக் கோடாகப் போட்டுக் காட்டினேன். அழகான கோடு. தினமும் அதே மணிக்கு இலை விரிகிறது, அதே மணிக்கு மூடுகிறது. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. நான் பெருமையோடு நின்றேன். பேராசிரியரின் முகம் கறுத்தது.

"இது செடியோட கடிகாரம் இல்ல டீச்சர். செவுத்துக் கடிகாரம். வெயில் காணாத செடி இப்பிடி இருக்காது. எப்பிடியோ தினமும் ஒரே நேரத்துக்கு வெளிச்சம் உள்ள போயிருக்கு. காலம்பற ஆரு வாறா?"

அவள்தான் வருகிறாள், சாவி நான் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவளைக் கூப்பிட்டார்.

"அந்த ரூமு கதவ நீ தொறந்தியா?"

"இல்ல சார்."

"தெரியாம? சாவி மாறிப் போட்டு, ஒரு தடவ தொறந்து அடச்சிருப்பியா?"

இல்லை என்று சொல்லிவிடு மக்கா என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரிஞ்சு தொறக்கல்ல. தெரியாம செய்தேனான்னு கேட்டா, அது எனக்கு எப்பிடி சார் தெரியும்? தெரியல்ல."

அவ்வளவுதான். நாளையில் இருந்து வர வேண்டாம் என்றார் அவர். அவள் கோப்பையும் அழித்துவிட்டு, கன்றுகளை மாற்றி முதலில் இருந்து தொடங்கலாம் என்றார். வெளியே வந்ததும் நான் அவள்மேல் பாய்ந்தேன். "ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரல் மாறவில்லை. "மரப்பட்ட வெட்டும்போ கத்தி எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரியல்லன்னா அங்கன நிறுத்தணும் டீச்சர். சரியாத்தான் இருக்கும்னு இழுத்தா மரத்துல காயம் விழும். பின்ன அந்த எடத்துல பாலு வராது. எனக்கு அப்பிடித்தான் பழக்கம்."

முட்டில் கையை ஊன்றிக்கொண்டு படி இறங்கிப் போனாள். அவள் வேலையைக் காப்பாற்ற முடியவில்லையே என்று எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவள் கோப்பை அழிக்க உட்கார்ந்தேன். அழிப்பதற்கு முன், இத்தனை ஓட்டை எங்கேதான் விட்டிருக்கிறாள் என்று ஒரு எரிச்சலில் அந்த ஓட்டைகளை மட்டும் நாள்வாரியாக ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தினேன். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். அதாவது இலை விரியத் தொடங்கும்போதும், கூம்பத் தொடங்கும்போதும். அதில் அதிசயம் இல்லை. ஆனால் கூட்டங்கள் நேர்கோட்டில் நிற்கவில்லை. முதல் நாள் இருந்த இடத்தை விட இரண்டாம் நாள் கொஞ்சம் தள்ளி, மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒவ்வொரு நாளும் சாய்ந்துகொண்டே போயின.

எழுந்து நின்றுவிட்டேன். பேராசிரியர் தேடிய விலகல் அது. செடிகள் தங்கள் கடிகாரத்தில்தான் ஓடியிருக்கின்றன. தினமும் ஒரே நேரத்துக்கு வெளிச்சம் பட்டிருந்தால் இப்படி விலகியிருக்காது. அவள் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

அப்படியானால் மற்ற இரண்டு கோப்பிலும் அது ஏன் இல்லை? பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்கள். "சந்தேகமா இருந்தா கீழ மணி போட்டிருக்குல்லா டீச்சர், அத பாத்துக்கிட்டோம். போகப் போக மணிய மட்டும்தான் பாத்தோம். காலம்பறன்னா விரிஞ்சது, பொழுது சாஞ்சா மூடினது. நீங்கதான ஒண்ணும் விடப்பிடாதுன்னு சொன்னிய."

நான்தான் சொன்னேன். மணியைப் பொறித்ததும் நான்தான். பிள்ளைகள் மணியைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக் கணினியும் அதையே படித்திருக்கிறது. சோதிப்பதற்காகப் படங்களில் இருந்து அந்தச் சிவப்பு மணியை மட்டும் மறைத்துக் கொடுத்தேன். கெட்டிக்காரக் கணினி திருதிருவென்று முழித்தது. அது அத்தனை நாளும் இலையைப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் அவள் மேசையைப் பார்த்தேன். திரையின் அடிப்பகுதியில், மளிகைக்கடைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று, இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகளால் ஒட்டப்பட்டிருந்தது. முதல் நாளில் இருந்தே அங்கே இருக்கிறது. ராகுகாலம் பார்க்க வைத்திருக்கிறாள் என்று நினைத்து நான் மனசுக்குள் சிரித்ததும் உண்டு. தாளைத் தூக்கினேன். சரியாக மணியை மறைத்திருந்தாள்.

அவளுக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். பஸ் பிடித்து வந்தாள். தாள் எதற்கு என்று கேட்டேன்.

"மணி கண்டா கண்ணு எலைய பாக்காது டீச்சர். மணி சொல்லதத்தான் பாக்கும்."

"இத முன்னமே சொல்லியிருக்கப்பிடாதா?"

"நீங்க கேக்கல்லல்லா."

பேராசிரியர் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பிறகு அவள் முன் போய் நின்றார். கல்லூரியே பயப்படுகிற மனுஷன், வார்த்தை தேடித் தடுமாறினார். "தப்பு என்மேலதான். விசாரிக்காம சொல்லிப்போட்டேன்."

"சாருக்கும் தெரியல்லல்லா. அதுக்கென்ன?" என்றாள்.

திரையில் மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்தேன். அதற்கு 'இடைநிலை' என்று பெயர் போடலாம் என்றார் பேராசிரியர். அவள் நெற்றியைச் சுருக்கினாள். கடைசியில் 'தெரியல்ல' என்றே போட்டோம். அந்த இரண்டு பிள்ளைகளும் அதைத் தாராளமாக அமுக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆராய்ச்சி முடிகிறவரை அவள் எங்களோடு இருந்தாள்.

இப்போது கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கம் செடி, கன்று விற்கிறாள். முட்டு பரவாயில்லை. இந்த மாங்கன்று எத்தனை வருடத்தில் காய்க்கும் என்று வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். அவள் சொல்லும் பதிலைக் கேட்டும் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். போன மாதம் அங்கே போய், உன்னைப் பற்றி எழுதப்போகிறேன், பெயர் போடலாமா என்று கேட்டேன். "நல்லா எழுதினா போடுங்க. நல்லா எழுதுவியளான்னு தெரியல்லல்லா" என்றாள். அதனால் போடவில்லை.

எனக்கு அவளை நினைத்தால் முதலில் வருவது ஒரு காட்சி. ஆராய்ச்சி முடிகிற சமயம் திருவனந்தபுரத்தில் இருந்து சில பேராசிரியர்கள் பார்க்க வந்தார்கள். எங்கள் பேராசிரியர் அந்தச் சாய்ந்த கோட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் கேட்டார், புளியங்கன்றின் ஒரு நாள் நம்முடைய நாளைவிட ஏன் கொஞ்சம் நீளமாக இருக்கிறது? இருபது வருடமாக இவரை எனக்குத் தெரியும். எந்தக் கேள்விக்கும் ஒரு மணி நேரம் பேசுவார். அன்று தொண்டையைச் செருமினார். மூலை மேசையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"தெரியல்ல" என்றார்.

மூலை மேசையில் அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, அதன்மேல் கன்னத்தைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். மணி பதினொன்றரை. வந்தவர்களில் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காங்க," என்றார் பேராசிரியர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அவங்களுக்கு இப்பம் மணி வேற."

பிறகு பூனைநடை நடந்து போய், அவருடைய மேசை விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார். படத்தில் இருந்து மணியை நான் எப்போதோ எடுத்துவிட்டேன். ஆனாலும் திரையின் கீழ்மூலையில் கணினியின் மணி ஒன்று உண்டல்லவா, அதற்காக அவள் தாளை எடுக்கவில்லை. விசிறிக் காற்றில் அது படபடத்தது. இரண்டு பொட்டுகளும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.